புறாத்தீவு நீரில் பிலிம் கமரா: துவாரம், வேகம், தூரம் எவ்வாறு வைப்பது?

உப்புவெளி_மாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எதிர்வரும் ஓகஸ்ட் மாதத்தில் அக்காவின் குடும்பத்தோடு திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் தங்கிப் புறாத்தீவுக்குச் செல்லவிருக்கிறோம். மாமா நெடுங்காலம் அலுமாரியில் வைத்திருந்த, நீருக்குள் படம் எடுக்கும் நிக்கோனோஸ் 5 கமராவை, அதன் 35 மில்லிமீற்றர் வில்லையோடு எனக்குத் தந்திருக்கிறார். தரையில் பிலிமில் படம் எடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வெயிலில் எஃப் 16 வைத்து, பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அண்மையான ஷட்டர் வேகத்தைத் தெரிவு செய்யும் விதியும் தெரியும். ஆனால் நீருக்குள் அந்த விதி எந்த அளவுக்கு நிற்கும் என்பதில் தெளிவில்லை.

நான் சுழியோடி அல்ல. முகமூடி, மூச்சுக்குழல், கால்துடுப்பு ஆகியவற்றோடு மிதந்து, மூச்சை அடக்கி இரண்டு மூன்று மீற்றர் வரை போய் வருவேன். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளிற் பெரும்பாலானவை காற்றுக்கலனோடு 20 மீற்றருக்குப் போய், பெரிய பிளாஷ் வைத்துப் படம் எடுப்பவர்களுக்கானவை. என்னிடம் பிளாஷ் இல்லை; கோடக் போர்ட்ரா 400 நிற நெகற்றிவ் சுருள்கள் சில இருக்கின்றன. ஒரு சுருளில் 36 படங்கள்தான் என்பதால் அங்கே போய் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க மனம் வரவில்லை. எந்தத் துவாரம், எந்த வேகம், தூரத்தை எப்படிக் கணிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

பழைய_நெகற்றிவ் எழுதியது:

தங்கச்சி, துவாரத்தையும் வேகத்தையும் மணலில் நிற்கும்போதே வைத்துவிட்டு இறங்குங்கள். நீருக்குள் நீங்கள் யோசிக்க வேண்டியது தூரம் ஒன்றைப் பற்றித்தான். மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இருக்கும் அந்தச் சில நொடிகளில் மூன்று விடயங்களையும் ஒருவரால் கவனிக்க முடியாது. அப்படிக் கவனிக்க முயல்பவர் மீனைக் கவனிக்கமாட்டார்.

கணக்கு இதுதான். போர்ட்ரா 400ஐ நான் நீருக்குள் 200 என்று எடுத்துக்கொள்வேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். 200 என்றால் நல்ல வெயிலில் தரையில் எஃப் 16, 1/250 நொடி. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சென்றவுடன் ஒன்றரை ஸ்டொப் அளவு ஒளியை இழக்கிறோம். (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது; எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்.) ஆனால் அதற்குப் பிறகு இழப்பு மெதுவாகத்தான் கூடுகிறது: தெளிந்த நீரில் 6 மீற்றர் ஆழத்திலும் தரையை விட இரண்டரை ஸ்டொப் அளவில்தான் குறைந்திருக்கும். ஆகவே நீங்கள் போகக்கூடிய ஆழம் முழுவதற்கும் இரண்டு ஸ்டொப் திறந்தால் போதும். எஃப் 8, 1/250. இதுவே உங்கள் அடிப்படை. சூரியனை மேகம் மறைத்தால் அல்லது நீர் சற்றுக் கலங்கியிருந்தால் எஃப் 5.6. அதற்கு மேல் திறக்க வேண்டிய நிலை வந்தால், அன்றைக்குக் கமராவைப் படகில் வைத்துவிட்டு நீந்துங்கள்.

வேகத்தை ஏன் 1/250இல் நிறுத்துகிறேன் என்றால், நீரில் மிதப்பவர் அசையாமல் இருப்பதே இல்லை. அலை நம்மைத் தூக்கி இறக்குகிறது, மீன் ஒரு பக்கம் போகிறது, நாம் மறுபக்கம் போகிறோம். 1/125 சில வேளைகளிற் போதும். 1/60இல் எல்லாம் குழைந்து போகும்.

துவாரத்தை எஃப் 8க்குக் கீழே திறக்கத் தயங்குவதற்குக் காரணம் கூர்மை. நிக்கோனோஸ் 5இல் நீங்கள் வில்லையூடாகப் பார்ப்பதில்லை. மேலே உள்ள கண்டறியில் (வியூஃபைண்டரில்) பார்த்து, தூரத்தை மதிப்பிட்டு, குமிழைத் திருப்பி வைக்கிறீர்கள். 35 மில்லிமீற்றர் வில்லையில் 1.5 மீற்றர் வைத்தால், எஃப் 8இல் ஏறத்தாழ 1.2 மீற்றர் தொடக்கம் 2.1 மீற்றர் வரை கூர்மையாக இருக்கும். எஃப் 11இல் அது 1.1 தொடக்கம் 2.5 வரை நீளும். எஃப் 4இல் 1.3க்கும் 1.75க்கும் இடையே சுருங்கிவிடும். மிதந்துகொண்டு கண்ணால் மதிப்பிடுபவருக்கு அவ்வளவு குறுகிய இடைவெளி உதவாது. வில்லையின் முன்பக்கத்திலே துவாரத்தை மாற்றும்போது தாமே விரிந்து சுருங்கும் இரண்டு சிவப்புக் குறிகள் இருக்கின்றன. கமராவை உங்கள் பக்கம் திருப்பிப் பார்த்தால் எந்தத் தூரம் முதல் எந்தத் தூரம் வரை கூர்மை கிடைக்கும் என்பதை அவை காட்டும். இவ்வளவு நேர்மையான ஏற்பாட்டை இன்றைய கமராக்களில் நான் காணவில்லை.

இனி ஒரு முக்கியமான விடயம். முகமூடிக் கண்ணாடியூடாகப் பார்க்கும்போது பொருள்கள் உண்மையான தூரத்தின் முக்காற் பங்கில் நிற்பது போலத் தோன்றும். இரண்டு மீற்றரில் இருக்கும் கிளிமீன் ஒன்றரை மீற்றரில் இருப்பது போலத் தெரியும். தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உங்கள் வில்லையும் அதே தோற்றத்தையே காண்கிறது. ஆகையால் கண்ணுக்குத் தெரிகின்ற தூரத்தையே அளவுகோலில் வையுங்கள். மூன்றில் ஒரு பங்கைக் கூட்டித் 'திருத்த' வேண்டாம். அதே காரணத்தால் உங்கள் 35 வில்லை நீருக்குள் தரையில் இருக்கும் ஒரு 47 மில்லிமீற்றர் வில்லையைப் போலக் குறுகிய பார்வை உடையதாகிவிடும். முழு ஆளையும் சட்டகத்துக்குள் அடக்க வேண்டுமானால் பின்வாங்க வேண்டும். பின்வாங்கினால் இடையிலுள்ள நீர் கூடும், நிறம் குறையும். இந்த வில்லைக்கு மீனும் முருகைக்கல்லும் முகங்களும் பொருந்தும்; கூட்டப் படத்துக்கு இது உகந்ததல்ல.

200 என்று ஏன் கணக்கிடுகிறேன் என்பதற்கு வருகிறேன். நீர் சிவப்பு ஒளியை மிக விரைவாக விழுங்குகிறது. தூய நீரிலேயே ஆழ்ந்த சிவப்பு ஏறக்குறைய ஒவ்வொரு 2 மீற்றருக்கும் பாதியாகிறது. ஒளிமானி மொத்த ஒளியைத்தான் அளக்கிறது; நீலமும் பச்சையும் நிறைந்திருப்பதால் 'போதும்' என்று சொல்லிவிடும். ஆனால் பிலிமில் சிவப்பைப் பதியும் படை பட்டினி கிடக்கும். ஒரு ஸ்டொப் கூடுதலாகக் கொடுத்தால் அந்தப் படையிலும் ஏதாவது பதியும், பிறகு ஸ்கான் செய்யும்போது மீட்க எதுவோ இருக்கும். நிற நெகற்றிவ் பிலிம் கூடுதல் ஒளியை நன்றாகத் தாங்கும், குறைவான ஒளியைத் தாங்காது. ஸ்லைட் பிலிம் இதற்கு நேர்மாறானது. முதற் பயணத்தில் அதைத் தொடாதீர்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஒளி கடக்கும் மொத்த நீர்தான் கணக்கு. ஆழம் மட்டும் அல்ல. நீர்மட்டத்தில் மிதந்துகொண்டு இரண்டரை மீற்றர் கீழேயுள்ள கல்லை எடுத்தால், ஒளி இரண்டரை மீற்றர் இறங்கி, மீண்டும் இரண்டரை மீற்றர் ஏறி வருகிறது. மொத்தம் 5 மீற்றர். சிவப்பில் இரண்டரை ஸ்டொப் போய்விட்டது. நீங்களே கீழே போய் அதே கல்லை ஒரு மீற்றர் தூரத்தில் பக்கவாட்டாக எடுத்தால் மொத்தம் மூன்றரை மீற்றர்தான். மேலிருந்து எடுக்கும் படத்தில் மீனின் முதுகுதான் தெரியும் என்பது வேறு.

கொட்டியாரம் எழுதியது:

பழைய_நெகற்றிவ் ஐயா சொன்ன கணக்கோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் நிக்கோனோஸ் 5ஐக் கையில் வைத்துக்கொண்டு வேகத்தை 1/250இல் பூட்டி வைப்பது, அந்தக் கமராவின் சிறப்பான பகுதியை வீணாக்குவதாகும். பழைய நிக்கோனோஸ் 3 முழுக்க முழுக்க இயந்திரம், ஒளிமானியே கிடையாது. 1984இல் வந்த 5ஆம் மாதிரியோ வில்லையூடாக அளந்து, நீங்கள் வைத்த துவாரத்துக்கு ஏற்ற வேகத்தைத் தானே தெரிவு செய்யும். ஆகவே நான் செய்வது இதுதான்: பிலிம் எண்ணை 200இல் வைப்பேன், துவாரத்தை எஃப் 8இல் வைப்பேன், வேகக் குமிழைத் தானியங்கி நிலையான 'ஏ'யில் விட்டுவிடுவேன். கண்டறிக்குள் தெரியும் வேகம் 125க்குக் கீழே இறங்கினால் மட்டும் துவாரத்தைத் திறப்பேன்.

கொட்டியாரக் குடாப் பக்கத்தில் நீந்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மகாவலி கலக்கும் குடாவில் நீரின் தெளிவு இடத்துக்கு இடம் மாறும். ஒரு பாறைக்கு அப்பால் ஒரு ஸ்டொப், மறுபக்கத்தில் இன்னொரு ஸ்டொப். அங்கே ஒரே எக்ஸ்போஷரை (பிலிமில் விழவிடும் ஒளியின் அளவை) வைத்துக்கொண்டிருந்தால் பாதிச் சுருள் ஒளி போதாமல் மெலிந்த நெகற்றிவாக வரும். புறாத்தீவில் நீர் பெரும்பாலும் தெளிவாக இருப்பதால் ஐயாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பழைய_நெகற்றிவ் எழுதியது:

கொட்டியாரம் தம்பி, குடாவுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் புறாத்தீவின் தரையை நினைத்துப் பாருங்கள். படகு இறங்கும் கரையே உடைந்த வெண்ணிற முருகைக்கல் துண்டுகளால் ஆனது. நீருக்குள்ளும் பல இடங்களில் அதேதான். அந்த வெள்ளையைச் சட்டகத்தின் நடுவில் கண்டால் ஒளிமானி வெளிச்சம் அதிகம் என்று எண்ணி வேகத்தைக் கூட்டிவிடும். கல்லுக்கு மேலே நிற்கும் கருமையான மீன் நிழலுருவாகிவிடும். அதே மீன் ஆழ்ந்த நீலப் பின்னணியில் நின்றால் எதிர்மாறாக நடக்கும். மீனும் மாறவில்லை, அதன்மேல் விழும் வெயிலும் மாறவில்லை. பின்னணி மாறியதற்காக எக்ஸ்போஷர் ஏன் மாற வேண்டும்? மேகம் வந்து போய்க்கொண்டிருக்கும் நாளில் தானியங்கியை வையுங்கள். வானம் துடைத்து விட்டாற்போல இருக்கும் நாளில் 1/250ஐ மாற்றாதீர்கள்.

கொட்டியாரம் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. ஆயினும் வெண்மணலுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கும் ஒரு ஸ்டொப் ஓரளவு ஈடு செய்யும் என்பதால், முதன்முறை போகும் சகோதரிக்குத் தானியங்கி பெரிய தீங்கு எதையும் செய்யாது என்பதே என் நிலைப்பாடு. மின்கலம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேகக் குமிழில் 'எம் 90' என்ற ஒரு நிலை இருக்கிறது. அது மின்கலம் இல்லாமலே 1/90இல் இயங்கும். அந்த நிலையில் எஃப் 11க்கும் 16க்கும் இடையில் வைத்தால், எஃப் 8, 1/250க்குச் சமமாகிவிடும். மீன் சற்று மங்கலாம்; முருகைக்கல்லுக்குக் குறைவில்லை, கூர்மையின் ஆழமும் கூடும். இரண்டு எல்ஆர் 44 மின்கலங்களைப் புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அலுமாரியில் கிடந்த கமராவில் பழைய மின்கலம் கசிந்து பச்சை படிந்திருக்கவும் கூடும், பாருங்கள்.

கச்சான்_காற்று எழுதியது:

நான் படம் எடுப்பவன் அல்லன். படம் எடுப்பவர்களைப் படகில் கூட்டிப் போய் வருபவன். உங்கள் எஃப் எண்களைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எந்த நேரத்தில் இறங்குகிறீர்கள் என்பதும் ஓர் அமைப்புத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பக்கத்துக் கடல் சித்திரை, வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை நீந்த ஏற்றது. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அலையும் கலங்கலும்தான். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதனால் நிலாவெளிக் கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் குளம் போலத் தெரியும். ஆனால் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் தீவுக்குப் போகும்போது நீர் முகம் சிலுசிலுக்கத் தொடங்கும். பகல் ஏற ஏறக் காற்றும் வலுக்கும். காற்று உங்களைக் கடற்பக்கம் தள்ளுகிறது என்பதைக் கமராவுக்குள் கண்ணை வைத்திருப்பவர்கள் உணர்வதில்லை. இரண்டு படத்துக்கு ஒருமுறையாவது தலையை உயர்த்தித் தீவு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தனியாகப் போகாதீர்கள்.

முதற் படகுகளில் போவது நல்லது. பத்து, பதினொரு மணிக்குப் பிறகு ஆட்கள் கூடுவார்கள். கால்துடுப்புகள் கிளப்பும் மணல் நீரில் மிதந்துகொண்டே இருக்கும். இது 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். முருகைக்கல்லில் நிற்பது, பிடிப்பது, கல்லை எடுப்பது எதற்கும் அனுமதியில்லை. கமராவை அசையாமல் வைக்க ஒரு கையால் கல்லைப் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பழக்கம் வேண்டாம்.

பழைய_நெகற்றிவ் எழுதியது:

கச்சான்_காற்று சொன்னதற்கு ஒளியின் பக்கத்திலிருந்து ஒரு சிறு விளக்கம். காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் வெளிச்சத்தில் ஏறத்தாழ அரை ஸ்டொப்தான் வித்தியாசம். திருகோணமலை 8 பாகை 34 கலை வட அகலாங்கில் இருப்பதால் ஓகஸ்ட் இறுதியில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு நேரே நிற்கும். ஒளி மிகக் குறுகிய வழியில் இறங்கும். ஆனால் ஒன்றரை மீற்றருக்கு உட்பட்ட ஆழத்தில் அந்த உச்சி வெயில் மணலிலும் மீனிலும் ஒளிவலைகளை ஓடவிடும். அவ்வொளிக் கோடுகள் சுற்றுப்புறத்தை விடப் பல மடங்கு பிரகாசமானவை. மீனின் முகத்தில் ஒன்று விழுந்தால் அந்த இடம் வெளுத்துவிடும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு வெறுப்பு. காலை 9 மணிக்கு இறங்கினால் எஃப் 8ஐயே வைத்துக்கொள்ளலாம். 200 என்று கணக்கிட்டதில் அந்த அரை ஸ்டொப்புக்கு இடம் இருக்கிறது.

கலங்கிய நீரை எக்ஸ்போஷரால் திருத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் படம் வெளிறுகிறது. துவாரத்தைத் திறந்தால் வெளிறல்தான் கூடும். கிட்டப் போவதே ஒரே வழி. நீரின் தெளிவு 10 மீற்றர் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள், இரண்டு மீற்றருக்குள், இருப்பவற்றை மட்டும் எடுங்கள் என்பேன்.

இருபத்தேழு_படம் எழுதியது:

இவ்வளவு பேரும் நிக்கோனோஸைப் பற்றியே பேசுவதால், ஒருமுறை பயன்படுத்தும் கமராக்களுக்காக ஒருவர் வாதாட வேண்டியிருக்கிறது. அக்காவின் பிள்ளைகள் கையில் எதையாவது கொடுக்க வேண்டும் அல்லவா?

பியூஜி குவிக்ஸ்னாப்பின் நீர்புகா வகையில் 800 பிலிம், 32 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் வில்லை, மாறாத எஃப் 10, மாறாத 1/125. படம் 27. 10 மீற்றர் வரை தாங்கும். அமைப்பு எதையும் மாற்ற முடியாது என்பதால் அதைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நல்ல வெயிலில் 800 பிலிமுக்கு எஃப் 16, 1/800 போதும். இக்கமராவோ எஃப் 10, 1/125 கொடுக்கிறது. அது நான்கு ஸ்டொப்புக்கும் அதிகமான மிகுதி. நீருக்குள் இரண்டு ஸ்டொப் போனாலும் இரண்டுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பழைய_நெகற்றிவ் ஐயா சிவப்புப் படைக்காகத் திட்டமிட்டுக் கொடுக்கும் அந்த ஒரு ஸ்டொப்பை இது கேட்காமலே இரண்டாகக் கொடுக்கிறது. ஆகவே இக்கமராவுக்கு வெயில் இருக்கும் வரை ஆழம் ஒரு பிரச்சினையே அல்ல. மேகமும் மாலையும்தான் பிரச்சினை.

தூரத்தில்தான் கவனம் வேண்டும். ஒரு மீற்றருக்குள் நெருங்கினால் மங்கும். பிள்ளைகளிடம் 'இரண்டு கை நீளத்துக்கு அப்பால் நின்று எடு' என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மீற்றருக்கு அப்பாலும் வேண்டாம். பிலிமை முன்நகர்த்தும் சக்கரத்தைக் கரையில் ஒருமுறை பழகிவிட்டால் பிறகு அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வெள்ளி_உப்பு எழுதியது:

நிறத்தைத் துரத்துவதில் இவ்வளவு சிரமம் இருக்கும்போது அதை விட்டுவிடுவதும் ஒரு வழி. நான் இல்போர்ட் எச்பி 5 பிளஸ் 400 என்ற கறுப்பு வெள்ளைப் பிலிமை அதன் சொந்த எண்ணிலேயே பயன்படுத்துகிறேன். 35 வில்லையின் முன்புறத்தில் 58 மில்லிமீற்றர் வடிகட்டி பொருந்தும். அதில் மஞ்சள் வடிகட்டி ஒன்றைத் திருகி, அதனால் இழக்கும் ஒரு ஸ்டொப்பைச் சேர்த்து எஃப் 8, 1/250 என்றே வைப்பேன். துகள்களில் சிதறி வரும் நீல மங்கலை மஞ்சள் ஓரளவு வெட்டிவிடுவதால் மீனுக்கும் பின்னணிக்கும் இடையே வேறுபாடு கூடுகிறது. வடிகட்டிக்கும் வில்லைக்கும் இடையில் காற்று அடைபட்டிருக்கக் கூடாது. நீருக்குள் சென்றபின் அதைச் சற்றுத் தளர்த்திக் குமிழிகளை வெளியேற்றி மீண்டும் இறுக்குங்கள்.

வீட்டில் கழுவுபவர்களுக்கு மட்டும்: நம் ஊர்க் குழாய் நீர் 20 பாகைக்கு அருகிலும் வராது. பனிக்கட்டி போட்ட பாத்திரத்துக்குள் கரைசல் போத்தலை நிறுத்தி வெப்பத்தை இறக்கிய பின்னர்தான் பெட்டியில் அச்சிட்டிருக்கும் நேரம் பொருந்தும்.

உப்புவெளி_மாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததை விடத் தெளிவான விடைகள் கிடைத்திருக்கின்றன. மேலும் மூன்று ஐயங்கள். நிறப் பிலிமுக்குச் சிவப்பு வடிகட்டி போட்டால் இழந்த நிறம் திரும்புமா? இரவுக் காட்சிக்கென விற்கும் 800 எண் கொண்ட டங்ஸ்டன் பிலிம் ஒன்று கையில் இருக்கிறது; வேகமானது என்பதால் அதைப் பயன்படுத்தலாமா? மூன்றாவதாக, இவ்வளவு பழைய கமராவுக்குள் நீர் புகாது என்று எப்படி உறுதி செய்வது? நான் ஆழத்துக்குப் போகப்போவதில்லை என்பதால் அது பெரிய பிரச்சினையாக இருக்காது என்று நினைக்கிறேன்.

பழைய_நெகற்றிவ் எழுதியது:

சிவப்பு வடிகட்டி இல்லாத சிவப்பை உண்டாக்காது. இருக்கும் நீலத்தையும் பச்சையையும் குறைத்துச் சமப்படுத்தும், அவ்வளவே. அதற்கு ஒரு ஸ்டொப் விலை. ஸ்லைட் பிலிமில் அதற்கு அர்த்தம் உண்டு, ஏனெனில் அங்கே பின்னர் திருத்த முடியாது. நெகற்றிவில் அந்த ஒரு ஸ்டொப்பைப் பிலிமுக்கே கொடுத்துவிட்டு, சமப்படுத்தும் வேலையை ஸ்கானில் செய்வது மேல்.

டங்ஸ்டன் பிலிம் வேண்டவே வேண்டாம். அது மின்குமிழின் மஞ்சளைச் சமப்படுத்துவதற்காக நீலத்துக்குக் கூடுதல் உணர்வோடு செய்யப்பட்டது. ஏற்கெனவே நீலமாக இருக்கும் கடலில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

கொட்டியாரம் எழுதியது:

நீர் புகுவது பற்றி நான் சொல்கிறேன். ஆழம் குறைவு என்பதால் ஆபத்துக் குறைவு என்று எண்ணாதீர்கள், சகோதரி. நல்ல ஓ வளையத்தை (நீர் புகாமல் தடுக்கும் இறப்பர் வளையத்தை) நீரின் அழுத்தமே அதன் பள்ளத்தில் இறுக்குகிறது. முதிர்ந்து தட்டையான வளையம் அழுத்தம் குறைந்த அரை மீற்றரிலும் கசியக்கூடும். நிக்கோனோஸ் 5இன் உற்பத்தி 2001இல் நின்றுவிட்டது. உங்கள் கமரா எவ்வளவு புதியதாயினும் அதன் உள்வளையங்கள் இருபது வயதைத் தாண்டியவை.

பின்மூடியிலும் வில்லையிலும் மின்கல மூடியிலும் உள்ள வளையங்களை நீங்களே கழற்றலாம். கூர்மையான எதையும் பயன்படுத்தாமல் விரலால் தள்ளி எடுத்து, மயிரோ மணலோ இருந்தால் துடைத்து, சிலிக்கன் பசையை மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவிப் போடுங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். ஷட்டர் நெம்புகோலுக்கும் குமிழ்களுக்கும் உள்ளே இருக்கும் வளையங்களைப் பழுதுபார்ப்பவர்தான் மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின் பிலிம் இல்லாமல், உள்ளே ஒரு மெல்லிய கடதாசியை வைத்து மூடி, வாளி நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். இடையிடையே நெம்புகோலையும் குமிழ்களையும் இயக்குங்கள். கடதாசி நனையாவிட்டால் கடலுக்குப் போகலாம்.

பிலிமைப் படகில் மாற்றாதீர்கள். வேறு வழியில்லை என்றால், கமராவையும் கையையும் துடைத்து, பின்மூடி தரையை நோக்கும்படி பிடித்துத் திறங்கள். துளிகள் உள்ளே போகாமல் கீழே விழும். கரைக்கு வந்ததும் மூடியபடியே நன்னீரில் ஊறவைத்து, காய்ந்த பிறகு மட்டும் திறங்கள். மிச்சச் சுருள்களை வெயிலில் விடாமல் நிழலில் வையுங்கள்.

இருபத்தேழு_படம் எழுதியது:

இதனால்தான் நான் ஒருமுறை கமராவோடு நிறுத்திக்கொண்டேன்.

உப்புவெளி_மாலை எழுதியது:

புறாத்தீவுக்குப் போய் வந்தோம். சுருள்களும் கொழும்பில் கழுவி ஸ்கான் செய்யப்பட்டு வந்துவிட்டன. வாளிப் பரிசோதனையில் கடதாசி உலர்ந்தே இருந்தது, கடலிலும் அப்படியே.

வானம் தெளிவாக இருந்ததால் எஃப் 8, 1/250ஐ மாற்றவில்லை. இரண்டாம் சுருளைக் கொட்டியாரம் அண்ணா சொன்னபடி தானியங்கியில் எடுத்தேன். மணலுக்கு மேலே எடுத்தவற்றில் தானியங்கிப் படங்கள் சற்று இருண்டிருக்கின்றன. திறந்த நீரில் எடுத்தவற்றில் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியவில்லை. ஒரே கல்லை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வேண்டுமென்றே எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து எடுத்தது முழுக்கப் பச்சை கலந்த நீலம். கீழே போய் எடுத்ததில் கல்லின் தவிட்டு நிறமும் அதைச் சுற்றிய சிறு மீன்களின் மஞ்சளும் இருக்கின்றன. செட்டை நுனி கறுத்த சுறா ஒன்று கண்ணில் பட்டது. ஆனால் அது மூன்று நான்கு மீற்றருக்குள் வரவே இல்லை. படத்தில் சாம்பல் நிழல் போலத்தான் இருக்கிறது.

இப்போது என் தொல்லை ஸ்கான். எல்லாப் படங்களிலும் நிழற்பகுதிகள் ஊதாவாகவும், நீர் சாம்பலாகவும் வந்திருக்கின்றன. நெகற்றிவைப் பார்த்தால் நன்றாக அடர்ந்திருக்கிறது. பிலிமில் பிழையா, ஸ்கானில் பிழையா?

பழைய_நெகற்றிவ் எழுதியது:

நெகற்றிவ் அடர்ந்திருந்தால் பிழை ஸ்கானில்தான். ஸ்கான் இயந்திரத்தின் தானியங்கித் திருத்தம் ஒவ்வொரு படத்தின் சராசரியையும் சாம்பலாக்க முயல்கிறது. படத்தில் முக்காற்பங்கு நீலமாக இருக்கும்போது அந்த நீலத்தையே கொன்று, சிவப்பை அளவுக்கு மிஞ்சி இழுத்துவிடும். ஊதா அதனால் வருவது.

கழுவிய இடத்துக்கு எழுதி, தானியங்கி நிறத் திருத்தம் இல்லாமல், குறைந்த வேறுபாட்டோடு, 16 பிட் டிஃப் (திருத்தும்போது தரம் குறையாத வகை) கோப்புகளாக மீண்டும் ஸ்கான் செய்து தரச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம்; பக்கவாட்டாகவும் ஒன்றரை மீற்றர் அளவிலும் எடுத்தவற்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். பிறகு கணினியில், முன்னாலுள்ள வெண்ணிறக் கல் துண்டு ஒன்றை வைத்து வெண்சமநிலையை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தத்தை) தொடங்குங்கள். அது முழு வெள்ளையாகும் வரை இழுக்காமல் பாதி வழியில் நில்லுங்கள். பின்னாலுள்ள நீர் நீலமாகவே இருக்கட்டும். ஒரு படத்துக்குச் செய்த திருத்தத்தை முழுச் சுருளுக்கும் பொருத்தாதீர்கள், ஏனெனில் ஒரு மீற்றரில் எடுத்ததும் மூன்று மீற்றரில் எடுத்ததும் ஒரே அளவு சிவப்பை இழந்தவை அல்ல. மேலிருந்து எடுத்த படத்தையும் அந்தச் சுறாவையும் நிறம் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சுறாப் படத்தில் வேறுபாட்டைச் சற்றுக் கூட்டினால் அந்தக் கறுத்த நுனி தெரியலாம்.